ஒரே புகை, இரண்டு கோப்புகள்

(பொறியியல் மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சுற்றுச்சூழல், எரிசக்தி ஒழுங்குமுறைத் துறையில் ஆலோசகராக நான் செய்துவந்த வேலையைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஒரு புகைபோக்கியை வைத்து அதைச் சொல்கிறேன். அதன் உயரம் 275 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு முறை அடுக்கினாலும் அதன் உச்சியைத் தொடாது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் போகிறவர்கள் அத்திப்பட்டுப் பக்கம் வரும்போது கிழக்கே பாருங்கள், அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் வரிசையாக நிற்கும். ஏன் இவ்வளவு உயரம் என்று நீங்கள் யோசித்திருக்கலாம். அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடிப் போனதுதான் என் தொழில் வாழ்க்கை என்று சொன்னால் மிகையில்லை.

பதில் இதுதான். 2015 டிசம்பர் வரைக்கும், இந்தியாவில் ஓர் அனல்மின் நிலையம் எவ்வளவு கந்தக டை ஆக்சைடை வெளியேற்றலாம் என்பதற்கு நாடு தழுவிய உச்சவரம்பு எதுவும் கிடையாது. உயரத்துக்கு மட்டும்தான் விதி இருந்தது. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் என்றால் 275 மீட்டர். 200 முதல் 500 வரை என்றால் 220 மீட்டர். அதற்கும் சிறியது என்றால் ஒரு சூத்திரம்: மணிக்கு எத்தனை கிலோ கந்தக டை ஆக்சைடு வெளிவருகிறதோ, அந்த எண்ணின் 0.3 அடுக்கை எடுத்து 14-ஆல் பெருக்கினால் வருவது புகைபோக்கியின் உயரம், மீட்டரில். எவ்வளவு வேண்டுமானாலும் விடலாம், உயரத்தில் விட்டால் போதும் என்று அதற்குப் பொருள். அடிவாரத்து ஊர் கொஞ்சம் தப்பிக்கும். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் வேறு மாவட்டத்தில், சில நேரம் வேறு மாநிலத்தில் இறக்கும்.

எவ்வளவு வெளிவரும்? இங்கே மாணவர்கள் இருக்கிறீர்கள், மனக்கணக்காகவே போடலாம். ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க நம் நாட்டு நிலக்கரி ஏறத்தாழ 600 கிராம் வேண்டும். 500 மெகாவாட் அலகு முழுத் திறனில் ஓடினால் மணிக்கு ஐந்து லட்சம் யூனிட். அப்படியானால் மணிக்கு 300 டன் நிலக்கரி. அதில் கந்தகம் அரை சதவீதம் என்று வையுங்கள், ஒன்றரை டன். கந்தகம் எரிந்து ஆக்சிஜனோடு சேரும்போது எடை இரட்டிப்பாகும். ஆக, மணிக்கு மூன்று டன். ஒரு நாளைக்கு எழுபது டன்னுக்கு மேல். ஓர் அலகிலிருந்து மட்டும். இந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூட வேதியியல் போதும். ஆனாலும் ஓர் ஊராட்சிக் கூட்டத்தில் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது, அந்த நிலையத்துக்கு எதிரே பிறந்து வளர்ந்த பட்டதாரி இளைஞர்களே "இதை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை சார்" என்றார்கள்.

வேதிப் பொறியியல் படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில். புதிய ஆலையோ மின்நிலையமோ சுரங்கமோ வர வேண்டுமானால், அதனால் காற்றும் நீரும் மண்ணும் என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து அறிக்கை கொடுக்க வேண்டும். 1994-இல் இதற்கு முதல் அறிவிக்கை வந்தது, இப்போது நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14-ஆம் தேதி அறிவிக்கை. என் வேலை தூசு பிடிப்பது. ஊராட்சி அலுவலக மொட்டைமாடியில் காற்று மாதிரி எடுக்கும் சாம்ப்ளரை ஏற்றி வைப்போம். முன்கூட்டியே எடைபோட்ட கண்ணாடியிழை வடிதாளை அதில் செருகி, 24 மணி நேரம் காற்றை உறிஞ்சவிட்டு, மறுநாள் எடுத்து மறுபடியும் எடை போட வேண்டும். வெள்ளையாகப் போன தாள் பழுப்பாக வரும். சில இடங்களில் கறுத்தே வரும். மின்வெட்டு வந்தால் கருவி நின்றுவிடும், அன்றைய கணக்கு வீண். மின்நிலையத்துக்கான ஆய்வே மின்வெட்டால் தடைப்பட்ட இரவுகளில், மாடியில் கொசுக்கடியில் படுத்துக்கொண்டு, இந்த ஊர்க்காரர்களுக்கு மின்சாரமும் வேண்டும், மூச்சும் வேண்டும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவர்களைக் கேட்பது நியாயமே இல்லை என்று நினைத்திருக்கிறேன். இன்றுவரை அந்த எண்ணம் மாறவில்லை.

இந்தத் தொழிலில் அடிப்படைச் சிக்கல் ஒன்று உண்டு. மாணவர்கள் தெரிந்துகொண்டே உள்ளே வர வேண்டும். அறிக்கை எழுதும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பது, ஆலை கட்டப்போகிற அதே நிறுவனம். "இங்கே ஆலை கட்டக்கூடாது" என்று எழுதினால் அடுத்த வேலை வராது என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்காகத் தயாரான அறிக்கையில், ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பகுதிகள் அப்படியே பெயர்க்கப்பட்டிருந்தது அம்பலமானது. இத்தகைய நிகழ்வுகளுக்குப் பிறகுதான் ஆலோசகர்களுக்கு அங்கீகாரச் சான்று கட்டாயமானது. சான்று வந்தது நல்லது. ஆனால் பணம் வரும் வழி மாறவில்லை. திட்டக்காரர் பணத்தை ஒரு பொது நிதியில் கட்டட்டும், ஆலோசகரை அரசு அமைப்பு ஒன்று நியமிக்கட்டும் என்ற யோசனை நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. நான் அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

கருத்துக்கேட்புக் கூட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் என் உண்மையான படிப்பு அங்கேதான் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதி தலைமை தாங்க, மாசு கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் கூட்டம் அது. 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். முடிவில், என்னென்ன கருத்துகள் வந்தன என்பதை உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். விதி நல்ல விதிதான். நடப்பது என்ன? சாமியானா பந்தல், சுற்றிலும் போலீஸ், முன்வரிசையில் கம்பெனி ஏற்பாடு செய்த பேருந்துகளில் வந்தவர்கள். அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில். தமிழில் சுருக்கம் மட்டும் சில பக்கம்.

தென்கடலோரத்தில் நடந்த அப்படியொரு கூட்டத்தில், மீன் ஏலக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்த ஓர் அம்மா மைக்கைப் பிடித்தார். "கடல்ல இருந்து தண்ணி எடுப்பீங்க, மெசினை ஆத்திட்டுத் திரும்ப விடுவீங்க. விடும்போது எவ்வளவு சூடா விடுவீங்க? அந்தச் சூட்டுல இறால் குஞ்சு நிக்குமா?" என்று கேட்டார். மேடையில் இருந்த அதிகாரி ஒருவர் "எல்லாம் அறிக்கையில் இருக்கிறதும்மா" என்றார். இருந்தது உண்மைதான். எடுக்கும் நீரைவிடத் திரும்பும் நீர் எத்தனை டிகிரி கூடுதலாக இருக்கலாம், குழாய் முனையிலிருந்து எவ்வளவு தூரத்தில் அந்தச் சூடு கலந்து தணியும் என்று ஓர் இணைப்பில் அட்டவணை போட்டிருந்தோம். அது தமிழ்ச் சுருக்கத்தில் இல்லை. அந்த அம்மா கேட்டது, அந்த அறிக்கையைப் பரிசீலித்த எந்த நிபுணரும் கேட்கக்கூடிய மிகச் சரியான கேள்வி. பதில் சில அடி தூரத்தில், மேசை மேல் இருந்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. நான் எழுந்து போய்த் தமிழில் அதை விளக்கினேன். கூட்டம் முடிந்ததும், "உன்னை யார் பேசச் சொன்னது?" என்று நிறுவனத்தில் கேட்டார்கள். சில மாதங்களில் அந்த வேலையை விட்டேன்.

2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்குப் புதிய வரைவு அறிவிக்கை வந்தபோது, அதை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது நினைவிருக்கும். எனக்கு அந்த ஏலக்கூடத்து அம்மாதான் நினைவுக்கு வந்தார்.

அதன் பிறகு நான் போய்ச் சேர்ந்த இடம் மின்கட்டணம். சுற்றுச்சூழல்காரன் ஏன் அங்கே போனான் என்று நண்பர்கள் கேட்டார்கள். அறிக்கைகளில் நாங்கள் எழுதிய நிபந்தனைகள் ஏன் நடைமுறைக்கு வருவதில்லை என்று விசாரித்துக்கொண்டே போனால், ஒவ்வொரு முறையும் அந்த விசாரணை காசில் போய் முடிந்தது. "சாம்பலை ஈரப்படுத்திக் குளத்துக்கு அனுப்பும் குழாய் உடைந்திருக்கிறது, ஏன் மாற்றவில்லை?" "நிதி இல்லை." "ஏன் இல்லை?" "கட்டணத்தில் அனுமதிக்கவில்லை." எண்ணூரில், கொசஸ்தலை ஆற்றின் ஓரத்தில், குழாய்க் கசிவால் சாம்பல் படிந்து கெட்டியாகிப்போன சதுப்பு நிலத்தில் நடந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பதிலின் விலை தெரியும். செப்பாக்கம் போன்ற சாம்பல் குளத்தை ஒட்டிய ஊரில் கோடைக்காற்று அடிக்கும்போது சோற்றில் சாம்பல் விழுகிறது. அந்த நிதி எங்கே முடிவாகிறது என்று பார்க்கவே போனேன்.

அது முடிவாகும் இடம் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். தமிழ்நாட்டில் 1999-இல் அமைந்தது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி, மின்வாரியம் தன் இஷ்டத்துக்குக் கட்டணத்தை ஏற்ற முடியாது. வரவு செலவு முழுவதையும் காட்டி ஆணையத்தில் மனுப்போட வேண்டும், அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், வந்த ஆட்சேபணைகளை எல்லாம் பரிசீலித்து ஆணையம் 120 நாளுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும். சட்டத்தின் 64-ஆவது பிரிவு இது. 94-ஆவது பிரிவில் இன்னொரு நல்ல வழியும் இருக்கிறது: நுகர்வோர் சார்பாக வாதிட ஆணையமே ஒருவரை நியமித்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு மகாராஷ்டிராவில் நடந்ததைச் சொல்வேன். அந்த மாநில மின்வாரியம், கம்பியில் ஏற்படும் இழப்பும் திருட்டும் சேர்ந்து 18 சதவீதம்தான் என்று வெகுகாலம் சொல்லிவந்தது. மீதி எங்கே என்றால், விவசாயிகள் பம்புசெட்டில் இழுத்துவிட்டார்கள் என்று கணக்கு. பம்புசெட்டுக்கு மீட்டர் இல்லை, எந்த எண்ணையும் அதன் தலையில் ஏற்றலாம். புனேயின் பிரயாஸ் அமைப்பில் கிரீஷ் சந்தும் அவருடைய தோழர்களும் அந்த மாநில ஆணையத்தின் முன் இந்தக் கணக்கை வரிவரியாகக் கேள்வி கேட்டார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் நடந்த அந்த விசாரணையின் முடிவில் உண்மையான இழப்பு 30 சதவீதத்துக்கும் மேல் என்று ஆனது. விவசாயி மேல் சுமத்தப்பட்டிருந்த மின்சாரத்தில் பெரும்பங்கு வேறு எங்கோ திருடுபோயிருந்தது. ஐஐடி-யில் படித்துவிட்டு, பெரிய சம்பளம் தேடிப் போகாமல் இந்தக் கணக்குகளிலேயே வாழ்ந்தவர் கிரீஷ் சந்த். 2012-இல், இளம் வயதிலேயே மறைந்துவிட்டார். இந்தத் துறையில் அவருடைய கட்டுரைகளைப் படிக்காமல் யாரும் வேலை தொடங்கக்கூடாது என்று நான் சொல்வேன்.

அவருக்கும் முன்னோடி, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் அமுல்ய ரெட்டி. 1980களின் இறுதியில் கர்நாடகத்துக்கு 2000-ஆம் ஆண்டில் எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று அரசுக்குழு ஒரு பெரிய எண்ணைக் கொடுத்தது. அதை ஈடுகட்ட நிலக்கரி, அணு எனப் பெரிய நிலையங்கள் வேண்டும் என்றது. ரெட்டி கேள்வியையே மாற்றினார். எத்தனை வீட்டுக்கு விளக்கு, எத்தனை பம்பு, எத்தனை ஆலை, ஒவ்வொன்றும் எவ்வளவு திறமையாக ஓடலாம் என்று கீழிருந்து கூட்டிக்கொண்டே வந்தார். அரசுக்குழு சொன்னதில் பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் அதே வசதிகளை, ஒவ்வொரு வீட்டுக்கும் மின்விளக்கு உட்பட, தர முடியும் என்று காட்டினார். தேவை என்று ஒருவர் ஓர் எண்ணைச் சொன்னால், அது யாருடைய தேவை என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. இலவச மின்சாரம் தொடர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. மீட்டர் வைத்தால் இலவசம் போய்விடும் என்ற விவசாயிகளின் அச்சமும் எனக்குப் புரிகிறது, அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஆனால் அளவு தெரியாத வரைக்கும், வேறு யாருடைய நஷ்டத்தையும் அவர்கள் பேரில் எழுத முடியும். மின்மாற்றி மட்டத்தில் மீட்டர் வைத்தாலே பாதி உண்மை வெளிவந்துவிடும்.

இப்போது புகைபோக்கிக்கு வருகிறேன்.

2015 டிசம்பர் 7 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களுக்குப் புதிய தரநிலைகளை அறிவித்தது. முதன்முறையாகக் கந்தக டை ஆக்சைடுக்கு உச்சவரம்பு. பழைய நிலையங்களில் 500 மெகாவாட்டுக்குக் குறைந்த அலகு என்றால் ஒரு கனமீட்டர் புகையில் 600 மில்லிகிராம், பெரிய அலகு என்றால் 200, 2017 தொடக்கம் முதல் வருவது என்றால் 100. தூசு, நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம், தண்ணீர்ப் பயன்பாடு எல்லாவற்றுக்கும் வரம்பு. இருக்கும் நிலையங்களுக்கு அவகாசம் இரண்டே ஆண்டு. அன்று எங்கள் வட்டாரத்தில் கொண்டாட்டம். எனக்கும் மகிழ்ச்சிதான், பெரிய மகிழ்ச்சி.

கந்தகத்தைப் பிடிக்கும் கருவி புதிதல்ல. புகையைப் புகைபோக்கிக்கு அனுப்புவதற்கு முன் ஒரு பெரிய கோபுரத்துக்குள் விட்டு, சுண்ணாம்புக்கல் பொடி கரைத்த நீரை மேலிருந்து மழைபோலத் தெளிப்பார்கள். கந்தகம் சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாகக் கீழே தங்கும். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடலாம். லண்டன் பேட்டர்சீ மின்நிலையத்தில் 1930களிலேயே தேம்ஸ் ஆற்று நீரால் புகையைக் கழுவினார்கள். மும்பை டிராம்பேயில் 1980களிலேயே கடல்நீரால் கழுவும் கருவி வந்துவிட்டது. உயரமான புகைபோக்கியை நம்பியிருந்த நாடுகளும் பாடம் கற்றுக்கொண்டன. கனடாவின் சட்பரியில் 1972-இல் 381 மீட்டர் புகைபோக்கி கட்டினார்கள். ஊர்க் காற்று கொஞ்சம் தெளிந்தது, ஆனால் புகை இன்னும் தொலைவுக்குப் போய் இறங்கியது. அமிலமழையால் ஏரிகளில் மீன் அற்றுப்போன கதை உலகம் அறிந்தது. அமெரிக்கா 1977-இலேயே, புகைபோக்கியை அளவுக்கு மீறி உயர்த்திவிட்டு அதையே மாசுக் கட்டுப்பாடாகக் கணக்குக் காட்டக்கூடாது என்று சட்டத்தில் எழுதிவிட்டது.

அப்படியிருந்தும் நம் ஊரில் ஏன் நடக்கவில்லை?

தேதிகளைக் கவனியுங்கள். தரநிலை வந்தது 2015 டிசம்பரில். கெடு 2017 டிசம்பரில் முடிந்தது. இந்தக் கருவிக்கான செலவைக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளலாம், இது சட்டத்தில் ஏற்பட்ட மாற்றம் என்று கருதப்படும் என்று மின்சார அமைச்சகம் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு வழிகாட்டுதல் கொடுத்தது 2018 மே 30-இல். கெடு முடிந்து ஐந்து மாதத்துக்கும் மேல் கழித்து! காசு திரும்ப வருமா என்று தெரியாமல் எந்த நிலையம் நூற்றுக்கணக்கான கோடியைப் போடும்? எந்த வங்கி கடன் தரும்? போட்டாலும் இன்னொரு கவலை. மலிவான மின்சாரத்தை முதலில் வாங்கு என்பது விநியோகத்தின் விதி. கருவி பொருத்தியவரின் மின்சாரம் சில காசு கூடும், வரிசையில் பின்னால் தள்ளப்படும், பொருத்தாதவர் முன்னால் நிற்பார். புகையைக் கழுவியவருக்குத் தண்டனை, கழுவாதவருக்கு வெகுமதி. சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கோப்பில் இந்தக் கவலை இல்லை, ஏனென்றால் அது அவர்கள் பொருள் அல்ல. ஆணையத்தின் கோப்பில் நுரையீரல் இல்லை, ஏனென்றால் அது இவர்கள் பொருள் அல்ல. ஒரே புகைக்கு இரண்டு கோப்புகள். நடுவில் இரண்டரை ஆண்டு.

அந்த இடைவெளியில் நுழைந்தது கெடு நீட்டிப்பு. முதலில் 2022 வரைக்கும் கட்டம் கட்டமாக. 2021-இல் நிலையங்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: டெல்லி வட்டாரத்துக்கோ பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை ஏ, மாசு மிகுந்த பகுதிகளுக்கு அருகில் இருப்பவை பி, மற்ற எல்லாம் சி. 2022 செப்டம்பரில் இரண்டு ஆண்டு நீட்டிப்பு. 2024 டிசம்பரின் கடைசியில் மேலும் மூன்று ஆண்டு. முடிவில் 2025 ஜூலை 11 அன்று, சி வகைக்கு, அதாவது ஏறத்தாழ 78 சதவீத அலகுகளுக்கு, கந்தக வரம்பே பொருந்தாது என்று அறிவித்துவிட்டார்கள். நிபந்தனை ஒன்று உண்டு. என்ன நிபந்தனை தெரியுமா? புகைபோக்கி உரிய உயரம் இருக்க வேண்டும்.

அறிவிப்பை வாசித்த அன்று எனக்கு வந்தது கோபத்தைவிடத் துயரம். ஆனால் எதிர்த்தரப்பு வாதத்தை மதித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு. உண்மை. ஊர்க் காற்றில் அளந்தால் கந்தக டை ஆக்சைடு பெரும்பாலும் தேசியத் தரநிலையான 80 மைக்ரோகிராமுக்குள்தான் இருக்கிறது. அதுவும் உண்மை. கருவி ஓடவே மின்சாரமும் தண்ணீரும் வேண்டும், சுண்ணாம்புக்கல் வெட்ட வேண்டும், கொஞ்சம் கரியமில வாயுவும் கூடும். இவை எல்லாமே உண்மை. விட்டுப்போனது ஒன்று. கந்தக டை ஆக்சைடு காற்றில் அப்படியே இருப்பதில்லை. மணிக்கணக்கில், நாள்கணக்கில் அது அம்மோனியாவோடும் ஈரத்தோடும் சேர்ந்து சல்பேட் துகளாக மாறுகிறது. நுரையீரலின் அடிவரைக்கும் போகும் நுண்துகளில் ஒரு பகுதி இப்படி வந்ததுதான். நிலையத்துக்குப் பக்கத்தில் வாயுவை மட்டும் அளந்துவிட்டுக் குறைவு என்று சொன்னால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டித் துகளாக இறங்கியதை யார் கணக்கில் எழுதுவது? குறைந்த கந்தகம் என்கிறோமே, நாம் எரிக்கும் நிலக்கரியின் அளவு குறைவா? அலகுக்கு மணிக்கு மூன்று டன் என்று சற்று முன் நாமே போட்ட கணக்கு, அந்தக் குறைந்த கந்தகத்தை வைத்துத்தான்.

செலவையும் பார்ப்போம். கருவியால் நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்கு 30 காசு கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிக்கும் வீட்டில், அத்தனையும் நிலக்கரி மின்சாரமே என்றாலும், 60 ரூபாய். அந்த 60 ரூபாயும் ஏழை வீட்டுக்குப் பெரிதுதான். 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு கட்டண உயர்வு மனு மீது கருத்துக்கேட்பு நடந்தபோது, விசைத்தறிக்காரர்களும் சிறுதொழில் நடத்துகிறவர்களும் நிலைக்கட்டணத்தைப் பற்றிக் கண்கலங்கப் பேசினார்கள். அவர்களிடம் போய் இன்னும் கொஞ்சம் கொடுங்கள் என்று யாரும் அலட்சியமாகச் சொல்லக்கூடாது. ஆனால் அந்த 60 ரூபாயை எடுத்துக்கொண்டு என்ன கொடுக்கப்போகிறோம், எடுக்காவிட்டால் எந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் அது எழுதப்படும் என்று இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் காட்டினால், முடிவை மக்கள் எடுப்பார்கள். இதுவரை யாரும் அப்படிக் காட்டவில்லை. மானியம் தேவை என்றால் அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது: 65-ஆவது பிரிவின்படி அரசு முன்கூட்டியே பணத்தைக் கட்டிவிட்டு எந்தப் பிரிவினருக்கும் கட்டணத்தைக் குறைக்கலாம்.

நான் மின்நிறுவனங்களுக்கும் வேலை செய்திருக்கிறேன், ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் செய்திருக்கிறேன், காசு வாங்காமல் நுகர்வோர் சங்கங்களுக்கும் செய்திருக்கிறேன். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒரு நிபந்தனையை விட்டதில்லை: என் அறிக்கையின் முதல் பக்கத்தில், நான் எடுத்துக்கொண்ட அனுமானங்கள் எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். நிலக்கரி விலை என்ன என்று கொண்டேன், அலகு ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்று கொண்டேன், வட்டி எவ்வளவு. அவற்றைப் பின்னிணைப்பில் புதைக்கச் சொன்ன வேலைகளை ஏற்றதில்லை. கணக்கின் முடிவை யாரும் எதிர்க்கலாம், ஆனால் எந்த எண்ணை மாற்றினால் முடிவு மாறும் என்று எதிர்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

இனி, என் கோரிக்கைகள். சுற்றுச்சூழல் அனுமதியில் நிபந்தனை போடும்போதே, ஒவ்வொரு நிபந்தனைக்கும் நேரே ஒரு நிரல் வேண்டும்: இதற்கு ஆகும் செலவு எவ்வளவு, யூனிட்டுக்கு எத்தனை காசு, யார் தருவது. அதேபோல, ஆணையத்தில் போடும் ஒவ்வொரு கட்டண மனுவிலும் சுற்றுச்சூழல் செலவு என்று ஒரு தனி அட்டவணை வேண்டும்: சாம்பல் குழாய்க்கு எவ்வளவு அனுமதித்தோம், எவ்வளவு செலவானது, மீதி எங்கே போனது. இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஆணையம் தன் விதிமுறைகளைத் திருத்தினாலே போதும், அமைச்சகம் அனுமதிக் கடிதத்தின் படிவத்தை மாற்றினாலே போதும். இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன், இன்னும் கொடுப்பேன்.

அதுவரை உங்களால் இன்றைக்கே செய்யக்கூடியவை இருக்கின்றன. அனுமதி பெற்ற ஒவ்வொரு நிலையமும் ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இரண்டு முறை, நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியது என்று அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். உங்கள் ஊருக்கு அருகில் உள்ள நிலையத்தின் அறிக்கையை எடுங்கள். "நிறைவேற்றப்பட்டது" என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியையும் கையில் வைத்துக்கொண்டு இடத்தைப் போய்ப் பாருங்கள். படம் எடுங்கள், தேதி போடுங்கள். புதிய அனுமதி வந்தால் உள்ளூர் நாளிதழில் விளம்பரம் வரும், அதை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்குள் போகாவிட்டால் எவ்வளவு நியாயமான வழக்கும் வாசலிலேயே நின்றுவிடும். பி வகை நிலையங்களுக்குக் கருவி வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொன்றாக முடிவெடுப்பதாக அதே 2025 அறிவிப்பு சொன்னது. சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழுவின் நிகழ்ச்சிநிரலும் நடவடிக்கைக் குறிப்பும் இணையத்தில் வெளியாகின்றன. அவற்றைப் படித்துத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி அந்தந்த ஊருக்கு அனுப்ப ஒரு பத்து மாணவர்கள் முன்வந்தால், கணக்குப் பார்க்க நான் உட்காருகிறேன். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில்தான் இருப்பேன், பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாருங்கள்.